தர்மகர்த்தா அண்ணாச்சிக்கு ஒரு சேவல்

“ஏட்டி, அச்சுல போட்டிருந்தா எல்லாம் நெசமாயிருமாக்கும்?”

இப்படிக் கேட்டவள் என் அத்தை. அப்பாவின் அக்காள், புருஷன் போனபின் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவள். பொரிகடலை மடித்து வந்த பத்திரிகைத் தாளை நான் உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பெண் தன்னந்தனியாக ஆகாயவிமானம் ஓட்டிப் போனாள் என்று அதில் இருந்தது. அத்தை நம்பவில்லை. நான் எட்டாம் வகுப்பு தேறிய புதிது.

“அச்சுல பொய் வராது அத்தை. பெரிய பெரிய ஆளுக பாத்துத் திருத்தித்தான் அச்சடிப்பாக.”

யார் அந்தப் பெரிய ஆட்கள் என்று எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதில் அந்த வயதில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. அதற்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவள் நான்தான். ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். அப்பாவுக்குத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்குச் சீசன்காரர்களை ஏற்றிப்போகும் மாட்டுவண்டித் தொழில். கைநாட்டுத்தான். ஆகவே படிப்பு என்னிடம் வந்து சேர்ந்ததும் அதை நான் ஒரு நகை போல அணிந்துகொண்டேன். கடைப் பலகை, மருந்துப் புட்டி, ஸ்டேஷனில் எச்சில் துப்பாதே என்று ஒட்டியிருந்த அறிவிப்பு, எதையும் வாய்விட்டு வாசிக்காமல் தாண்டமாட்டேன். எச்சில் துப்பாதே என்பதை நான் வாசித்த தோரணையில் அதைக் கேட்ட ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு என்னை அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டார். இன்னொரு பக்கம் சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு ஆள் வந்துபோயிருந்தது. அப்பா இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“சீசன் முடியட்டும், பாப்போம்.”

ஆக அந்த ஆண்டுச் சாரல் நிற்பதற்குள், நான் படித்ததால் வீட்டுக்கு நல்லது உண்டு என்று அப்பாவுக்குப் புரியவைத்தாக வேண்டும். இல்லையென்றால் சுரண்டையில் உட்கார்ந்து பருப்பு நிறுக்க வேண்டியதுதான். அதற்கும் படிப்பு உதவும் என்று அத்தை சொன்னாள். பொட்டலம் மடிக்கிற தாளையெல்லாம் வாசிக்கலாமாம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாவல் வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதை எங்கள் வண்டியிலேயே விட்டுவிட்டு ரயிலேறிவிட்டது. வைக்கோல் மெத்தைக்கு அடியில் கிடந்ததை அப்பா கொண்டுவந்து, “இந்தா, உனக்குத்தான் ஆவும்” என்று நீட்டினார். அட்டையில் ஒரு கோபுரம். கோபுரத்துக்கு முன்னால் பட்டுக்கரை வேட்டியும் திருநீறுமாக ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார். அவருடைய உதட்டோரத்தில் இரண்டு பற்கள் சற்று நீண்டு தெரிந்தன. படம் போட்டவருக்குப் பல் வரையத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

சீசன் காலத்தில் மத்தியானம் எங்கள் வண்டிக் கொட்டகை காலியாகத்தான் கிடக்கும். வண்டிகள் குற்றாலத்தில் நிற்கும். தெருப்பெண்கள் அங்கே கூடிப் புளி ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள். நான் அவர்களுக்கு நாவல் வாசிக்கப் போவதாக அறிவித்தேன். கேட்டவர்களுக்கு நாவல் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் தெருவில் ஒருவர் உட்கார்ந்து புத்தகம் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள் என்றால் அது புராணம்தான். வேறு புத்தகத்தை யாரும் அப்படி வாசித்ததில்லை. ஆகவே மேலவீட்டு ஆச்சி குளித்து, ஈரத்தலையோடு குத்துவிளக்கும் மஞ்சள் பிள்ளையாரும் கொண்டுவந்துவிட்டார்கள். சுத்த சைவம், வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்கமாட்டார்கள். அட்டையில் கும்பிட்டு நின்றவரைப் பார்த்து, “யாரு, அடியாரா?” என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவர் நெற்றியில் குங்குமமும் வைத்தார்கள்.

நான் தடுக்கவில்லை. விளக்குக்கு முன்னால் மணைபோட்டு உட்கார எனக்குப் பிடித்திருந்தது.

கதை இதுதான். ஒரு மலையடிவார ஊரில் கோயில் தர்மகர்த்தா ஒருவர், அம்மன் நகையைத் திருடிவிடுகிறார். திருடியவர் செத்தும் சாகாமல் பகலெல்லாம் தெப்பக்குளத்துக்கு அடியில் ஒரு கல்லறையில் கிடந்து, இருட்டியதும் எழுந்து ஊராரின் ரத்தத்தைக் குடிக்கிறார். ஆனால் பழைய பக்தி போகவில்லை. கோயில் மணி கேட்டால் அழுகிறார். வாசல்படி வரைக்கும் வருவார். உள்ளே கால் வைக்க முடியாது.

அவர் முதன்முதலாகப் பல்லைக் காட்டியது மூன்றாம் அத்தியாயத்தில். ஆச்சி புளியைக் கீழே போட்டார்கள்.

“நிறுத்துட்டி! ரத்தக் காட்டேரிக்கா நான் விளக்கேத்துனேன்?”

“நிறுத்தலாமா ஆச்சி? விளக்கேத்தி வாசிக்கத் தொடங்குனத பாதியில விட்டா வீட்டுக்கு ஆவாதும்பியளே” என்றாள் வைக்கோல்காரர் மனைவி. எங்கள் மாடுகளுக்கு வைக்கோல் போடுகிறவரின் வீட்டுக்காரி. நான் மதினி என்று கூப்பிடுவேன்.

ஆச்சி மாட்டிக்கொண்டார்கள். புராணத்தைப் பாதியில் விடுவதும் பாவம், காட்டேரி கதை கேட்பதும் பாவம். கடைசியில், காதை முந்தானையால் மூடிக்கொண்டு தினமும் வந்து உட்காருவது என்று ஒரு வழி கண்டார்கள். விளக்கையும் தினமும் ஏற்றினார்கள். மூடிய காதுக்குள் கதை எப்படிப் போயிற்றோ, மறுநாள் நான் விட்ட இடத்தை எல்லோருக்கும் முந்தி எடுத்துக் கொடுத்தவர்கள் ஆச்சிதான்.

நானும் லேசுப்பட்டவளாக இல்லை. தர்மகர்த்தா பேசும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன், கண்ணை உருட்டுவேன், நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன். தண்ணீர் குடித்துவிட்டு உதட்டைத் துடைக்கும்போது முன்வரிசைப் பெண்கள் பின்னால் நகர்வார்கள். அதற்காகவே தாகம் எடுக்காமலும் குடித்தேன்.

கடைசி அத்தியாயம் வந்தது. பல நாள் பசியோடு தர்மகர்த்தா கோயில் வாசலுக்கு வருகிறார். திருவிழாக் கூட்டத்தில் தவறிப்போன ஒரு பெண்குழந்தை படியில் படுத்துத் தூங்குகிறது. அவர் கடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நாய் நரி அண்டாமல் காவல் இருக்கிறார். விடிகிறது. வெயில் பட்டதும் சாம்பலாகிவிடுகிறார். வாசல் பெருக்க வந்த குருக்கள் இது என்ன சாம்பல் என்று அறியாமல் அள்ளித் திருநீற்று மடலில் போடுகிறார். அன்று கோயிலுக்கு வந்த ஊரெல்லாம் அதை நெற்றியில் பூசிக்கொள்கிறது. அவர் கடித்த வீட்டுக்காரர்களும் பூசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், முற்றும்.

நான் புத்தகத்தை மூடி, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“பேய்ச் சாம்பல நெத்தியில பூசுததா! இத எழுதுனவன் கை வெளங்குமா?” என்றார்கள் ஆச்சி.

“என்ன பேயி? பிள்ளையக் காத்துச்சுல்லா, அப்பம் அது சாமிதான்” என்றாள் மதினி. அவர்களுக்குச் சுடலைமாடன் குலதெய்வம், கொடை என்கிற திருவிழாவில் கிடா வெட்டுவார்கள். “ரத்தம் குடிச்சா பேயாக்கும்? எங்க சாமி கொடைக்குக் கொடை குடிக்காரு. அவர யாரு பேயிங்கா?”

“ஒங்க சாமி ஆட்டு ரத்தம் குடிக்காரு. இவன் ஆள் ரத்தம்லா குடிக்கான்.”

“பாவம், அவருக்கு யாரு ஆடு வெட்டுனா?”

உபதேசியார் மனைவி இடையில் புகுந்தார்கள். கோயில்தெரு தாண்டி இருந்த சிறு கிறிஸ்தவ சபையின் உபதேசியார் வீட்டம்மா. பூக் கட்டப் பழக வந்து கதையில் உட்கார்ந்துவிட்டவர்கள். “உசுரோட இருக்கையில மனந்திரும்பியிருக்கணும். செத்தவன் எப்படித் திரும்புவான்? அதுவும் செத்து எந்திரிச்சவரு ஒருத்தருதான். கண்டவனையும் எழுப்பப்பிடாது” என்றார்கள்.

கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்த அத்தைக்கு வேறு சந்தேகம். “குருக்களா வாசலப் பெருக்குவாரு? எந்த ஊருக் கோயில்லட்டி? பெருக்குதவ எங்க போனா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவளின் அபிப்பிராயம் வேண்டுமல்லவா? “இது ஒரு தத்துவம்” என்றேன். முன்னுரையில் அந்தச் சொல் இருந்தது. தத்துவம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்பதில்லை என்பதை அன்று கற்றேன். இன்றுவரை பயன்படுகிறது.

மறுநாள் காலையில் ஆச்சி பெரிய கோயிலுக்குப் போய், திருநீறு நீட்டிய குருக்களிடம், “இது என்ன சாம்பல்?” என்று கேட்டார்களாம். பசுஞ்சாணம் சுட்டது என்று அவர் சொல்லியும் மனது கேட்காமல், பூசிக்கொள்ளாமல் முந்தானையில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தார்கள். படித்தவள் பார்த்துச் சொல்லவேண்டும். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சாம்பலைப் பற்றி ஒன்றும் சொல்லித் தந்திருக்கவில்லை. “சாணம்தான் ஆச்சி” என்று தீர்ப்புச் சொன்னேன். ஆச்சி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு போனார்கள். தாசில்தார் மாதிரி உணர்ந்தேன்.

அதற்குள் தெரு இரண்டாகிவிட்டது. கிணற்றடியில் சாமி என்கிறவர்கள் ஒரு பக்கமும் பேய் என்கிறவர்கள் ஒரு பக்கமுமாகத் தண்ணீர் இறைத்தார்கள். கதையைக் கேட்காதவர்கள்தான் அதிகமாகச் சண்டை போட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்பாவிடம், “பாத்தியளா அப்பா, நான் வாசிச்சதத்தான் ஊரே பேசுது” என்றேன். அப்பா மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏசுதுன்னுல்லா சொன்னாவ” என்றார்.

இந்தச் சமயத்தில் மதினியின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மலைக்காய்ச்சல், தூக்கித் தூக்கிப் போட்டது. உபதேசியார் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கொயினா மருந்து வாங்கிவந்து கொடுத்து, ஜெபமும் செய்தார்கள். ஆச்சி திருநீறு போட்டார்கள், சண்டையை மறந்து. மதினி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். ஆனால் அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டது வேறொருவரிடம் என்பது எங்களுக்குத் தெரியாது.

காய்ச்சல் விட்டது. பிள்ளை கஞ்சி கேட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், மதினி தலைகுளித்து, ஒரு செஞ்சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் கொட்டகைக்குள் வந்தாள். கூடவே அரிவாளோடு அவள் புருஷன்.

“புஸ்தகத்த எடுத்துட்டு வாட்டி” என்றாள்.

“எதுக்கு மதினி?”

“தர்மகர்த்தா அண்ணாச்சிக்கு நேர்ந்துக்கிட்டேன். ‘அந்தப் பிள்ளையக் காத்த மாதிரி எம்பிள்ளையையும் காத்துக்கிடும், ஒரு சேவல் தாரேன்’னு. காத்துட்டாரு. அவருக்கு வேற கோயிலு எங்கன இருக்கு? புஸ்தகந்தான. அத முன்னால வையி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அதற்குள் மேலவீட்டிலிருந்து ஆச்சி ஓடிவந்தார்கள்.

“நான் பிள்ளையார் வச்ச எடத்துல சேவலறுக்கியா? இங்க ஒரு சொட்டு ரத்தம் விழுந்துது, இந்த வீட்டு வாசல்ல பெறவு நான் மிதிக்கமாட்டேன்!”

“நேந்த கடன முடிக்காம விட்டு எம்பிள்ளைக்குத் திரும்பக் காச்சல் வந்தா நீங்க பாப்பியளா?”

உபதேசியார் மனைவி, சேவலை ஆலயத்துக்குக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஏலம் விட்டுக் காணிக்கையில் சேர்க்கலாம், யாருக்கும் வருத்தம் இராது என்று ஒரு யோசனை சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவர்கள்மேல் பாய்ந்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

இந்த நேரம் பார்த்து அப்பா மாடு மாற்ற வந்தார். சேவல், அரிவாள், ஆச்சி, அழுகிற மதினி, நடுவில் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நான். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இத எழுதுனவரு யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“மெட்ராஸ்ல ஒருத்தரு.”

“அந்த தர்மகர்த்தாவ அவரு பாத்திருக்காரா?”

“இல்லப்பா.”

“வேற யாரும் பாத்துச் சொன்னாவளா?”

“இல்ல. மனசால நெனச்சு எழுதுதது.”

“அப்பம் இது நடந்துதா, நடக்கலையா?”

நடந்தது என்று நான் சொன்னால் சேவல் விழும். ஆச்சி எங்கள் வாசலை மிதிக்கமாட்டார்கள். பிள்ளையார் வைத்த இடத்தில் ரத்தம் விழ வைத்த படிப்பு என்று அப்பா முடிவுகட்டுவார். நடக்கவில்லை என்று சொன்னால், அச்சில் பொய் வராது என்று இத்தனை நாள் சொல்லித் திரிந்தவள் நான். அச்சைப் படிக்கத் தெரிந்தவள் என்பதற்குமேல் என்னிடம் வேறு பெருமையும் இல்லை. பயிற்சிப் பள்ளி இரண்டு வழியிலும் கைநழுவுவது எனக்குத் தெரிந்தது.

“நடக்கல. கதைதான்” என்றேன். நான் அதுவரை அவ்வளவு மெதுவாக எதையும் வாசித்ததோ சொன்னதோ இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று தூணோரம் இருந்த அத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

மதினி சேவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அப்பம் எம்பிள்ளைக்குச் சொகமானதும் கதையாட்டி?”

தத்துவம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. கிட்டப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சேவல் என்னைக் கொத்தியது.

கடைசியில் மதினியின் புருஷன்தான் வாய் திறந்தார். சேவலைச் சுடலைமாடனுக்குக் கொண்டுபோகலாம். அண்ணாச்சியும் அங்கன வந்து பங்கு வாங்கிக்கிடட்டும், சாமிக்குச் சாமி தெரியாதா என்றார். மதினி யோசித்துத் தலையசைத்தாள். எங்கள் வீட்டில் ரத்தம் விழவில்லை. ஆனாலும் ஒருவருக்கும் திருப்தி இல்லை. புத்தகத்தை எரித்துவிட வேண்டும் என்று ஆச்சி அப்பாவிடம் தனியே வந்து சொன்னார்கள். அதைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், மாடத்தில் வைத்து விளக்கேற்றப் போகிறேன் என்று மதினியும் தனியே வந்து சொன்னாள். எரித்தால் மறுபடியும் சாம்பலாகுமே, அதை எங்கே கொட்டுவது என்று அத்தை கேட்டாள்.

அப்பா இரண்டு நாள் வழக்கம்போல் வண்டி ஓட்டினார். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“இவள இங்கன வச்சிருந்தா தெருவு ரெண்டாயிரும். சுரண்டைக்குக் கட்டிக்குடுத்தா அந்த ஊரு ரெண்டாயிரும். சம்பந்தக்காரன் நம்மள ஏசுவான். பாளையங்கோட்டைக்கு அனுப்பிருவோம். அங்க படிச்ச ஆளுக நெறைய இருக்காவ, சமாளிச்சுக்கிடுவாவ. புஸ்தகத்தையும் கொண்டுபோகட்டும்.”

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவது என்றால் பொதுவாக ஜெயிலுக்குத்தான். என்னை அனுப்பியதும் ஏறக்குறைய அந்த எண்ணத்தில்தான். அறிவுக்காகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்று விடுதியில் தோழிகளிடம் சில மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த ஒருத்தி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

புறப்பட்ட அன்று ஸ்டேஷனுக்கு அத்தை வந்தாள். ரயில் வரும்வரை முறுக்குப் பொட்டலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள், வண்டி வந்து நின்றதும் யாரும் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

“அவன் பல நாள் பசியில்லா இருந்தான். அந்தப் பிள்ளைய ஏன் கடிக்கல?”

“தெரியல அத்தை” என்றேன். தெரியாததைத் தெரியாது என்று நான் அத்தையிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. “அதுக்கா இம்புட்டுப் படிப்பு” என்று முணுமுணுத்தபடி என்னை ஏற்றிவிட்டாள்.

பயிற்சி இப்போது முடியப்போகிறது. மதினியின் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டாளாம். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் அந்தக் கதையை அவளே வாசித்துப் பார்த்துவிடலாம் என்று மதினி சொல்கிறாளாம். ஆச்சி அதைத் தடுக்கிறார்களாம். இவர்களோடு மல்லுக்கட்டத் தெரிந்த ஒரு வாத்தியாரம்மா அங்கே வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெருமை இன்னும் குறையவில்லை. அப்பாவோ எனக்கு நாங்குநேரிப் பக்கம் வேலை கிடைத்தால் தேவலை, கொஞ்சம் தூரமாக இருக்கட்டும் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார்.

போன வாரம் தலைமையாசிரியை எங்களை ஒவ்வொருவராக அழைத்து, எந்த ஊரில் வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டார். தென்காசி என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதியும் கொண்டார். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.